1860 விதிப்படி பழங்காலப் பேஸ்பால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காலப் பேஸ்பால் என்றால் என்ன? யார் ஆடுகிறார்கள்?

19ஆம் நூற்றாண்டின் ஏதாவது ஓர் ஆண்டின் விதிப்புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டுக்குரிய பந்து, மட்டை, உடை, நடத்தை முறைகளோடு ஆடும் பேஸ்பால். அமெரிக்காவில் இதற்கெனக் கழகங்கள் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் ஓல்ட் பெத்பேஜ் என்ற வரலாற்றுக் கிராமத்திலும், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸிலும் 1980ஐ ஒட்டி இந்த மறுபிறப்பு தொடங்கியது. கொலம்பஸின் ‘ஒஹாயோ வில்லேஜ் மஃபின்ஸ்’ அணி 1981 முதல் ஆடிவருகிறது. கழகங்களை ஒன்றுசேர்க்கும் ‘வின்டேஜ் பேஸ்பால் அசோசியேஷன்’ 1996இல் உருவானது. மிச்சிகனின் டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் வளாகத்தில் 1867 விதிப்படி போட்டித்தொடர் நடக்கிறது. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் பல அணிகள் கூடும் விழா ஒன்றும் உண்டு.

எந்த ஆண்டின் விதியில் தொடங்குவது?

முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி இதுதான். தீர்க்காமல் களத்தில் இறங்கினால் மூன்றாவது இன்னிங்ஸுக்குள் வாக்குவாதம் வந்துவிடும். அந்த நூற்றாண்டில் விதிகள் ஏறக்குறைய ஆண்டுதோறும் மாறின. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகம் எழுதிவைத்த விதிகளில் 9 இன்னிங்ஸ் கிடையாது. 21 ஓட்டங்களை முதலில் எட்டும் அணிக்கே வெற்றி. கழகங்கள் கூடிய 1857 மாநாட்டில்தான் 9 இன்னிங்ஸும், பேஸ்களுக்கு (ஓடித் தொடவேண்டிய மூலைகளுக்கு) இடையே 30 கெஜமும் உறுதியாயின. அடிப்பவர் விட்டுவிடும் நல்ல பந்துக்கு நடுவர் ‘ஸ்ட்ரைக்’ அறிவிக்கும் முறை 1858இல் வந்தது. மோசமான வீச்சுக்குப் ‘பால்’ அறிவிப்பதும் அதனால் அடிப்பவருக்கு இலவசமாக முதல் பேஸ் கிடைப்பதும் 1864 பருவத்தில் வந்தன. நேர்ப்பந்தை (எல்லைக் கோட்டுக்குள் விழும் அடியை) ஒரு துள்ளலில் பிடித்தால் அவுட் என்ற விதி 1865இல் போனது. தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறிய, தொழில்முறை அணிகளின் நேஷனல் லீக் அனுமதித்தது 1884இல்தான். பிட்சர் (பந்து வீசுபவர்) நிற்கும் தொலைவு இன்றைய 60 அடி 6 அங்குலமாக ஆனது 1893இல்.

புதியவர்களுக்கு 1860 ஏற்றது. விதிப்புத்தகம் சின்னது, பந்துவீச்சு மெது, பிடிக்க வாய்ப்பு அதிகம். வேகமும் சூழ்ச்சியும் வேண்டும் என்பவர்கள் 1880களின் விதிக்குப் போகலாம். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற பிட்சரும் முகக்கவசம் போட்ட கேட்சரும் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) தேவை. எந்த ஆண்டாக இருந்தாலும் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1860இன் துள்ளல் பிடியையும் 1870களின் வளைபந்தையும் கலந்தால், எந்த ஆண்டிலும் யாரும் ஆடாத ஓர் ஆட்டம்தான் மிஞ்சும்.

இனி வரும் பதில்கள் 1860 விதிக்கானவை.

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவருக்கு ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அணிக்கு 9 பேர். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு பேஸ்கள். ‘ஹோம்’ என்ற மூலையில் நின்று அடித்துவிட்டு, முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு மறுபடி ஹோமுக்கு வந்தால் ஓர் ஓட்டம். அதற்கு அன்றைய பெயர் ‘ஏஸ்’. மூன்று பேர் அவுட்டானால் அணி மாறும். அடிப்பவர் விலகி நிற்கும் பேச்சே இல்லை: நேர்ப்பந்தை அடித்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடியே ஆகவேண்டும்.

தரையில் பட்டு எழும்பிய பந்தைப் பிடித்தாலும் அவுட்டா?

ஆம். நம் தெருக் கிரிக்கெட்டின் ‘ஒன் பிட்ச் கேட்ச்’ போலவே, அடித்த பந்தைத் தரையில் படுமுன் பிடித்தாலும், ஒரே ஒரு துள்ளலுக்குப் பிறகு பிடித்தாலும் அடித்தவர் அவுட். கோட்டுக்கு வெளியே விழும் ஃபவுல் பந்துக்கும் இது பொருந்தும்.

பார்வைக்குச் சின்ன விதி. ஆட்டத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பந்தை நேராக, அதாவது தரையில் படுமுன், பிடித்தால் ஓடிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் தத்தம் பேஸுக்குத் திரும்ப வேண்டும். துள்ளலில் பிடித்தால் அடித்தவர் மட்டும் அவுட். மற்ற ஓட்டக்காரர்கள் திரும்ப வேண்டியதில்லை, துணிச்சல் இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஆகவே மூன்றாம் பேஸில் ஆள் இருக்கும்போது வெளிக்களத்தில் நிற்பவர் ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும்: கை வலித்தாலும் நேராகப் பிடித்து ஓட்டத்தைத் தடுப்பதா, துள்ளவிட்டுச் சுலபமாக ஓர் அவுட்டை வாங்கிக்கொண்டு ஓட்டத்தை விட்டுக்கொடுப்பதா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதல் பேஸில் ஆள் இருக்கும்போது உள்களத்தில் துள்ளல் பிடி விழுந்தால், அடித்தவர் அவுட்டாகிவிட்டதால் அவருக்கு இடம்விட்டு முன்னவர் ஓடவேண்டிய கட்டாயம் நீங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு பந்தோடு பேஸை மிதித்தால் போதாது. ஓட்டக்காரர் பேஸில் இல்லாதபோது பந்தால் அவர் உடம்பைத் தொடவேண்டும். புதிய அணிகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது.

துள்ளல் பிடிக்குப் பந்து விழும் இடத்துக்கு ஓடாதீர்கள். அதற்கு இரண்டு மூன்று தப்படி பின்னால் நில்லுங்கள். பந்தின் சுழற்சியால் துள்ளல் பக்கவாட்டில் விலகும். கட்டாந்தரையில் மார்புக்கு மேல் எழும், உயரமான புல்லில் முழங்காலைத் தாண்டாது. ஆட்டத்துக்கு முன் களத்தின் பல மூலைகளிலும் பந்தைத் தூக்கிப்போட்டுத் துள்ளலைப் பார்த்துவைப்பது நல்லது.

பந்து எப்படி இருக்க வேண்டும்?

எடை 5¾ முதல் 6 அவுன்ஸ், அதாவது 163 முதல் 170 கிராம். சுற்றளவு 9¾ முதல் 10 அங்குலம், சுமார் 24.8 முதல் 25.4 செ.மீ. ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. எனவே கிரிக்கெட் பந்தைவிட இது சற்றுக் கனம், நன்றாகவே பெரிது. இன்றைய பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம்தான்.

உள்ளே ரப்பர் உருண்டை, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், அதன்மேல் தோல். ஒரே தோல் துண்டை நான்கு இதழாக வெட்டி, உருண்டையைச் சுற்றி மடித்துத் தைப்பது அந்தக் காலத்துப் பாணி. அதை ‘லெமன் பீல்’ பந்து என்கிறார்கள். இன்று நாம் பார்க்கும், எட்டு வடிவில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளின் தையல் பிற்பாடு நிலைபெற்றது.

ரப்பரின் பங்கு கூடினால் துள்ளல் கூடும். நூலைத் தளர்வாகச் சுற்றினால் இரண்டு இன்னிங்ஸுக்குள் பந்து ஒரு பக்கம் சப்பையாகிவிடும். இதழ்களின் நுனிகள் கூடும் இடத்தில்தான் தையல் முதலில் விடும். அங்கே இரட்டை நூல் போடுங்கள். முழு ஆட்டத்துக்கும் ஒரே பந்து. அடிபட்டு அடிபட்டு அது மென்மையாகும்போது அடி தூரம் போகாது. முதல் இன்னிங்ஸில் பின்னால் நின்ற வெளிக்களத்தார் ஏழாவது இன்னிங்ஸில் சில தப்படி முன்னே வந்து நிற்பது அதனால்தான்.

மட்டை?

உருண்டை, மரம், மிகத் தடித்த இடத்தில் விட்டம் 2½ அங்குலத்துக்கு மிகாமல். நீளம் ஆடுபவர் விருப்பம். ஆஷ், ஹிக்கரி, மேப்பிள் மரங்களில் கடைகிறார்கள். இன்றைய மட்டையைவிடக் கைப்பிடி தடிமன், நுனிக் குமிழ் சிறிது, எடை அதிகம். ஆகவே முழு வீச்சில் சுழற்றினால் நேரம் தப்பும். கைகளைச் சற்று விலக்கிப் பிடித்து, பந்தை இடைவெளி பார்த்துத் தள்ளுவதே பலன் தரும். ஆஷ் மட்டையில் வருடக்கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும் விளிம்புப் பக்கத்தில் பந்து பட வேண்டும். அகன்ற பக்கத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் மரம் ஏடு ஏடாக உரியும். பழைய பாணி மட்டையில் கடைக்காரர் முத்திரை இருக்காது என்பதால், கைப்பிடியில் ஒரு சிறு கோடு போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தை எப்படி அளந்து அமைப்பது?

இரண்டு நீள நாடாக்கள், மூன்று பேர், அரைமணி நேரம் போதும்.

ஹோமுக்கு முளை அடியுங்கள். அங்கிருந்து நேராக 127 அடி 3 அங்குலம் (38.8 மீட்டர்) அளந்தால் இரண்டாம் பேஸ். இப்போது ஒரு நாடாவை ஹோமிலும் மற்றதை இரண்டாம் பேஸிலும் பிடித்து, இரண்டிலும் 90 அடி (27.4 மீட்டர்) குறிகள் சந்திக்கும்படி வலப்பக்கம் இழுத்தால் முதல் பேஸ், இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். ஹோம்–இரண்டாம் பேஸ் நேர்கோட்டில் ஹோமிலிருந்து 45 அடியில் (13.7 மீட்டர்) பிட்சரின் புள்ளி. அந்த இடத்தில் குறுக்கே 12 அடி நீளக் கோடு. அதன் எந்த இடத்திலிருந்தும் பிட்சர் வீசலாம். மண்மேடு கிடையாது. ஹோமின் மையம் வழியே இருபுறமும் 3 அடிக்கு ஒரு கோடு போடுங்கள். அடிப்பவர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும்.

சதுரத்தின் நடுப்புள்ளியில் பிட்சரை நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. நடுப்புள்ளி ஹோமிலிருந்து ஏறக்குறைய 64 அடி தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கீழ்க்கை வீச்சு வளைந்து தொய்ந்துதான் வந்து சேரும்.

முதல் மூன்று பேஸ்களும் வெள்ளை அடித்த கித்தான் பைகள், உள்ளே மணல் அல்லது மரத்தூள். ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி இடத்தை மூட வேண்டும். மரத்தூள் நல்லது, மணல் பை கனமாகி, ஓடிவந்து மிதிப்பவரின் கணுக்காலைப் பதம் பார்க்கும். ஹோமும் பிட்சர் புள்ளியும் வெள்ளை பூசிய வட்ட இரும்புத் தகடுகள். தகட்டின் விளிம்பு தரைக்கு மேலே எழுந்து நிற்காதபடி மண்ணைக் கொத்திப் பதியுங்கள்.

வேலி தேவையில்லை. களத்துக்குள் மரமோ கொட்டகையோ இருந்தால், பந்து அதில் பட்டால் என்ன கணக்கு என்பதை இரு தலைவர்களும் நடுவரும் டாஸுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

பிட்சர் எப்படி வீச வேண்டும்?

கீழ்க்கையில், நேரான கையோடு, ஹோமின் மையத்துக்கு மேலாக, அடிப்பவருக்கு ஏற்றபடி. விதி தடுப்பது இரண்டு: எறிவது, உடம்பில் கையை மோதி வெட்டி இழுப்பது. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலோ, வீசப்போவதுபோல் கையைப் பின்னால் கொண்டுபோய் வீசாமல் நிறுத்தினாலோ ‘பாக்’. ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பேஸ் இலவசம். குதிரைலாட எறிதல் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த வீச்சு சீக்கிரம் கைவருகிறது. பின்சுழற்சி கொடுத்தால் மட்டையின் மேல்புறத்தில் பட்டு மேலே எழும்; துள்ளல் பிடிக்கு அது விருந்து.

புரூக்ளினின் எக்ஸெல்சியர் கழகத்தில் ஆடிய ஜிம் கிரெய்டன் 1860இல் வேகத்தோடு வீசிப் பெயர் பெற்றவர். நேரான கையின் முடிவில் மணிக்கட்டைச் சொடுக்குகிறார் என்ற சர்ச்சை அவரைச் சுற்றியே இருந்தது. அதே சர்ச்சையை இன்று கிளப்ப விரும்பாத கழகங்கள், மணிக்கட்டுச் சொடுக்கு கூடுமா கூடாதா என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுகின்றன.

‘பால்’, ‘ஸ்ட்ரைக்’ கணக்கு?

‘பால்’ கிடையாது, இலவச நடையும் கிடையாது. நல்ல பந்துகளை வேண்டுமென்றே விட்டுக்கொண்டே இருந்தால் நடுவர் முதலில் எச்சரிப்பார். பிறகும் தொடர்ந்தால் ஸ்ட்ரைக் ஒன்று, இரண்டு, மூன்று என்று அறிவிப்பார். வீசியும் தவறவிட்டால் ஸ்ட்ரைக். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் நேராகவோ ஒரு துள்ளலிலோ பிடித்தால் அவுட். பிடிக்காவிட்டால் அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடலாம். பேஸில் ஆள் இருந்தாலும் இந்த உரிமை உண்டு.

கையுறை இல்லாமல் பிடித்தால் விரல் உடையாதா?

தவறாகப் பிடித்தால் உடையலாம். விரல்நுனி பந்தை நோக்கி நீளவே கூடாது என்பது முதல் பாடம். மார்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் வானைப் பார்க்கட்டும், கட்டைவிரல்கள் ஒட்டட்டும். இடுப்புக்குக் கீழ் வரும் பந்துக்கு விரல்கள் தரையைப் பார்க்கட்டும், சுண்டுவிரல்கள் ஒட்டட்டும். இரண்டு கைகளாலும் பிடியுங்கள். பந்து உள்ளங்கையில் படும் கணத்தில் முழங்கையை மடித்து, கையை உடம்பை நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். விறைத்த கையில் பட்ட பந்து வலிக்கவும் செய்யும், தெறித்தும் போகும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே வரும் பந்துதான் சிக்கல்; விரல் மேலேயா கீழேயா என்ற தயக்கத்தில் நுனியில் அடிபடும். முழங்காலை மடக்கித் தாழ்ந்தோ, ஒரு தப்படி பின்வாங்கியோ அந்தப் பந்தை இரண்டில் ஒன்றாக ஆக்கிவிடுங்கள்.

விரல்நுனியில் அடிபட்டு முதல் கணு தானாக நிமிராவிட்டால், இழுத்து நீவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நிமிர்த்திய நிலையிலேயே கட்டுப்போட்டு மருத்துவரிடம் போங்கள். தசைநாண் கிழிந்திருந்தால் வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால்தான் விரல் நேராகும்.

கேட்சர் எங்கே நிற்கிறார்?

பேஸ்களில் ஆள் இல்லாதபோது அடிப்பவருக்கு 15 முதல் 20 அடி பின்னால், பந்தைத் துள்ளலில் எடுக்கும்படி. ஆள் வந்ததும் நெருங்கி வருவார். முகக்கவசம் 1877இல் ஹார்வர்டில் பிறந்தது, 1860இல் அதற்கு இடமில்லை. மூக்கில் பட்டது என்று குறைப்படுபவர் பெரும்பாலும் தேவையில்லாமல் நெருங்கி நின்றவராகவே இருப்பார்.

மற்றவர்களில் மூன்று பேஸ்காரர்களும் தத்தம் பைக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். இடையிலுள்ள இடத்தையெல்லாம் காப்பவர் ஷார்ட் ஸ்டாப். அணியின் சுறுசுறுப்பான ஆளை அங்கே வையுங்கள்.

நேர்ப்பந்து எது, ஃபவுல் எது?

பந்து முதலில் தரையைத் தொட்ட இடம்தான் கணக்கு. ஹோமுக்கு முன்னால் கோட்டுக்குள் பட்டு, அடுத்த கணமே வெளியே உருண்டு ஓடினாலும் அது நேர்ப்பந்து. திறமைசாலிகள் பந்தை இப்படிக் கீழ்நோக்கி வெட்டி, பிடிக்க ஆளில்லாத வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்கள். 1877இல் விதி மாறும்வரை இந்தத் தந்திரம் செல்லுபடியானது. முதல், மூன்றாம் பேஸ்காரர்கள் பையை விட்டு அகலாததற்கு இதுவும் காரணம்.

நடுவர் ஃபவுலை மட்டும் உரக்கச் சொல்வார். நேர்ப்பந்துக்கு எதுவும் சொல்லமாட்டார். இன்றைய ஆட்டம் பழகியவர்கள் அந்த மௌனத்தைக் கேட்டுக் குழம்பி நின்றுவிடுகிறார்கள். குரல் வரவில்லை என்றால் ஓடுங்கள்.

ஃபவுல் ஆனதும் பந்து செத்த பந்து. பிட்சரின் கையில் அது வந்து நிலைத்த பிறகே உயிர் பெறும். பார்வையாளர் யாராவது பந்தை எடுத்துவிட்டாலும், எதிரணியார் தொப்பியால் நிறுத்தினாலும் இதே முறை: பிட்சர் கைக்குப் போய்வந்த பிறகுதான் யாரையும் அவுட்டாக்கலாம். தொப்பியில் பந்து பிடிக்கும் ஆசை எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது போல.

முதல் பேஸைத் தாண்டி ஓடலாமா? பேஸ் திருடலாமா?

தாண்டக் கூடாது. தாண்டினால் பந்தால் தொட்டு அவுட்டாக்கலாம். கடைசி மூன்று தப்படிகளில் வேகத்தைக் குறைத்துப் பையின்மேல் நிற்கப் பழகுங்கள். பேஸ் திருடுவதை, அதாவது அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவதை, விதி தடுக்கவில்லை. ஆனால் வெறுங்கைக் கேட்சர் 38.8 மீட்டர் எறியவேண்டும் என்பதால் ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிடும். கேட்சரைத் தாண்டிப் பந்து போனால் மட்டும் ஓடலாம் என்று பல கழகங்கள் தங்களுக்குள் வரம்பு வைத்துக்கொள்கின்றன.

நடுவருடன் எப்படி நடந்துகொள்வது?

ஒரே நடுவர். நெருக்கமான கட்டத்தில் அவர் பார்க்காமல் விட்டிருந்தால் ஆட்டக்காரரையே கேட்பார். தொட்டது உண்மையென்றால் ஓட்டக்காரர் தானே ஒப்புக்கொண்டு வெளியேறுவார். இன்றைய கழகங்கள் பெரிதாக மதிக்கும் வழக்கம் இது. அந்தக் காலக் கழகங்கள் கெட்ட வார்த்தைக்கும் எதிர்ப்பேச்சுக்கும் சில்லறை அபராதம் விதித்தன. இன்று அதை விளையாட்டாக நடத்திக்காட்டி, பார்வையாளர்களைச் சிரிக்கவைக்கிறார்கள். உண்மையான கோபத்துக்கு அபராதம் உதவாது. தலைவர் அந்த ஆளை உட்காரவைப்பதே வழி.

உடை?

நிக்கர்பாக்கர் கழகம் 1849இல் நீலக் கம்பளிக் கால்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி என்று முடிவு செய்தது. 1860க்கு முழுநீளக் கால்சட்டை, மார்பில் பொத்தான் வைத்துப் பூட்டும் கேடயத் துணி, அதில் கழகத்தின் முதலெழுத்து, இடுப்பு வார், சிறிய தொப்பி. முழங்கால்வரை மட்டும் வரும் கால்சட்டையும் நீளக் காலுறையும் 1860களின் கடைசியில் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியால் பரவியவை. 1860 ஆட்டத்துக்குப் பொருந்தாது. முதுகில் எண் வேண்டாம். கோடையில் கம்பளி வாட்டும் என்பதால் பருத்தியில் தைத்துக்கொள்பவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு விளையாட்டுக் காலணி போதும். உலோகக் கூர்முனை கூடாது.

களத்தில் காதில் விழும் சொற்கள் எவை?

அடிப்பவர் ‘ஸ்ட்ரைக்கர்’, கேட்சர் ‘பிஹைண்ட்’, வெளிக்களத்தார் ‘ஸ்கௌட்’, அவுட் ‘ஹேண்ட்’. பிடி நழுவினால் ‘மஃப்’. புல்லை உரசிக்கொண்டு போகும் அடி ‘டெய்சி கட்டர்’. பாராட்டுக் குரல் ‘ஹுஸா’. பார்வையாளர்களைக் ‘கிராங்க்ஸ்’ என்பது 1880களின் வழக்கு. 1860 ஆட்டத்தில் கேட்டால் சும்மா விட்டுவிடுங்கள்.

பெண்கள் ஆடலாமா?

ஆடுகிறார்கள். பல கழகங்கள் கலப்பு அணிகளே. நியூயார்க் மாநிலத்தின் வாசர் கல்லூரியில் 1866இலேயே மாணவிகளின் பேஸ்பால் கழகங்கள் இருந்தன.

மாசசூசெட்ஸ் ஆட்டம் என்கிறார்களே, அது வேறா?

முற்றிலும் வேறு. 1858இல் டெடம் நகரில் எழுதிய அந்த விதிகளில் அணிக்கு 10 முதல் 14 பேர். பேஸுக்குப் பதில் 4 அடி உயர மரக்கம்புகள், இடைவெளி 60 அடி. ஃபவுல் கிடையாது. ஓடுபவர்மேல் பந்தை எறிந்து அவுட்டாக்கலாம். பந்தின் எடை 2 முதல் 2¾ அவுன்ஸ் மட்டும் என்பதால் அது சாத்தியம். ஓர் அவுட் விழுந்தால் அணியே மாறும். 100 ஓட்டம் எடுத்தால் வெற்றி. 1860 பந்தை வைத்துக்கொண்டு யாரும் இந்த ஆட்டத்தை ஆடிப்பார்க்க வேண்டாம்.

ஈரமான புல்லில் ஆடலாமா?

தூறல் பரவாயில்லை. ஆனால் உள்ளே இருக்கும் கம்பளி நீரை உறிஞ்சிவிடும். பந்து கனத்து, விரலுக்கு ஆபத்து கூடும். நனைந்த பந்தை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் தோல் சுருங்கித் தையல் அறுந்துவிடும். துணியில் சுற்றி நிழலில் சில நாள் விடுங்கள்.

ஓட்டக் கணக்கு எப்படி எழுதுவது? கடைசியில் பந்து யாருக்கு?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டே கட்டங்கள்: எத்தனை முறை அவுட், எத்தனை ஓட்டம். இன்னிங்ஸ் வாரியாக அணியின் மொத்தம் கீழே. கணக்கர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தால் போதும்.

பந்தைக் கொண்டுவர வேண்டியது சவால் விடுத்த கழகம். ஆட்டம் முடிந்ததும் அது வென்ற அணியின் சொத்து என்று விதியே சொல்கிறது. தோற்ற அணியின் தலைவர் பந்தைக் கையில் கொடுப்பார். இரு அணிகளும் எதிரணிக்கும் நடுவருக்கும் மும்முறை ஹுஸா சொல்லும். வென்றவர்கள் பந்தின்மேல் பொன்னிற வண்ணத்தில் நாள், இரு கழகங்களின் பெயர், ஓட்டங்கள் ஆகியவற்றை எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். பந்து நன்றாகக் காய்ந்த பிறகு, மண்ணைத் துடைத்துவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத்து உரிந்துவிடும்.